கால் முளைத்த சாப்பாடு

மலிவாகச் சாப்பிட ஓர் இடம் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால், புள்ளி சார் கேட்டவரை முதலில் உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வையிலேயே பாதிப் பேருக்குப் பசி அடங்கிவிடும். அடங்காதவர்களிடம், "தமிழ் படிக்கத் தெரியுமா?" என்பார். தெரியும் என்றால், "தப்புத் தமிழ் படிக்கத் தெரியுமா?" என்பார். அதற்குமேல் யாரும் நிற்பதில்லை. மனுஷனுக்கு எங்கேயோ மரை கழன்றிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். அவருக்கு வேண்டியதும் அதுதான்.

புள்ளி சார் இருபத்தேழு வருடங்களாக ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். அழைப்பிதழ், துண்டுப் பிரசுரம், கண்ணீர் அஞ்சலி, ஹோட்டல்களின் விலை அட்டை என்று அந்த அச்சகத்தை விட்டு வெளியேறும் தாள் எதுவானாலும் அவருடைய சிவப்புப் பேனாவுக்குத் தலை வணங்கிவிட்டுத்தான் போக வேண்டும். மெய்யெழுத்தின் தலையில் புள்ளி விழாத ஒரு தாளைக்கூட அவர் வெளியே விட்டதில்லை. அப்படி வந்ததுதான் அந்தப் பெயர். அச்சக முதலாளிக்கு எரிச்சல் வரும் நாட்களில் மட்டும் அது "பெரும்புள்ளி" ஆகும். "பெரும்புள்ளி இன்னும் கையெழுத்துப் போடலையாம், செத்தவரைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லுங்க" என்பார் முதலாளி, கண்ணீர் அஞ்சலிக்காரர்கள் வாசலில் நிற்கும்போது.

நகரத்தின் வயிற்றுக்குள் மாட்டிக்கொண்ட சின்னப் பகுதி அது. ஒரு பக்கம் ரயில் பாதை, ஒரு பக்கம் ஆஸ்பத்திரி மதில், ஒரு பக்கம் மேம்பாலம், நான்காவது பக்கம் தண்ணீர் ஓடுவதாகச் சொல்லப்படும் கால்வாய். நடுவில் ஏழு தெருக்கள், இருபத்திரண்டு சாப்பாட்டுக் கடைகள். வாடகை ஏற ஏற, கடைகளின் பெயர்ப் பலகைகள் பெரிதாகின. தட்டில் விழும் சோறு சிறிதானது.

இந்த இருபத்திரண்டையும் புள்ளி சார் ஒரே ஒரு தராசில் நிறுத்து வைத்திருந்தார். எழுத்து சரியாக இருந்தால் விலை கூடுதல், எழுத்து தப்பாக இருந்தால் விலை குறைவு. அவ்வளவுதான் அவருடைய கண்டுபிடிப்பு. ரயில் நிலையத்துக்கு எதிரே "காலைச் சிற்றுண்டி" என்று நடுவில் ச் போட்டு எழுதியிருக்கிறார்களே, அந்த ச்சுக்கும் சேர்த்துத்தான் காசு வாங்குகிறார்கள் என்பார். ஆஸ்பத்திரி வாசலில் இருந்தது "உனவகம்". மூன்று சுழி ண போடத் தெரியாதவன், ஆகவே நடுத்தர விலை. மேம்பாலத்தடியில் ஒருவன் "பொறித்த கோழி" என்று எழுதி வைத்திருந்தான். கோழியைக் கல்வெட்டில் பொறித்திருக்கிறான் போலிருக்கிறது என்று புள்ளி சார் உதட்டைச் சுழித்தார். ஆனால் ஒரு வருடம் அங்கே சாப்பிட்டார். பலகையில் எழுத்தே இல்லாமல் ஓர் இலையை மட்டும் வரைந்து வைத்த கடையும் ஒன்று உண்டு. அதன் வாசலைக்கூட அவர் மிதித்ததில்லை. எழுத்தையே வேண்டாம் என்கிறவன் விலையையும் எழுத மாட்டான் அல்லவா?

இந்தத் தராசை வைத்துத்தான் பதினொரு வருடங்களுக்கு முன்பு அவர் அக்கா கடையைக் கண்டுபிடித்தார்.

மூடிக் கிடந்த ஓர் இரும்புக் கடைக்குப் பின்புறம், ஒரு சந்தின் முடிவில் இருந்தது அது. இரண்டு பெஞ்சு, ஒரு நீள மேஜை, ஒரு தகரக் கூரை. நடத்துகிறவளை, அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வாசலில் ஒரு தகரப் பலகையில் அவளே பெயின்ட்டால் எழுதி மாட்டியிருந்தாள்: "சாப்படு ரெடி."

ப-வுக்குத் துணைக்கால் இல்லை. அந்த ஒற்றைக் காலைக் காணோம். புள்ளி சார் சந்துமுனையிலேயே நின்று அதை இரண்டு தடவை வாசித்தார். கை தானாகச் சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனாவுக்குப் போயிற்று. உள்ளே ஒரு கரும்பலகை: "கிரை. வறுத்த மின். சுப்பு. சுடன பல்." கீரைக்கு நெடில் இல்லை, மீன் மின்சாரமாகியிருந்தது, சூப்பு ஏதோ பக்கத்து வீட்டுப் பையனைப் போல சுப்பு ஆகியிருந்தது, சூடான பால், பல்லாகி விட்டிருந்தது. அதுவரையிலான பதினாறு வருட அனுபவத்தில் ஒரே சுவரில் இவ்வளவு பிழையை அவர் பார்த்ததில்லை.

உட்கார்ந்தார். சாப்பிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு பேனாவைப் பையின் அடியாழத்துக்குத் தள்ளினார்.

அன்றிலிருந்து மதியம் அவருக்கு அந்தப் பெஞ்சின் சுவரோர மூலைதான். ஆம்புலன்ஸ் டிரைவர்கள், ஆஸ்பத்திரியைக் கூட்டித் துடைக்கும் பெண்கள், ஒரு பூட்டு ரிப்பேர்காரர் என்று மொத்தம் பன்னிரண்டு பேர். யாரும் யாரிடமும் பேசுவதில்லை. புள்ளி சார் மட்டும் எழுந்திருக்கும்போது தினமும் ஒரு வார்த்தை சொல்வார்.

"உப்பு குறைவு."

"நாளைக்குப் போடறேன் சார்" என்பாள் அக்கா.

பதினொரு வருடமாக நாளை வரவில்லை. அவரும் வேறு இடம் போகவில்லை. பிழையைத் திருத்திச் சொல்லலாமே என்று ஒரு நாளும் அவர் நினைக்கவில்லை என்று சொல்ல முடியாது. நினைத்தார். அந்தப் பலகைக்குக் கால் வந்தால், சாப்பாடு எழுந்து நடக்க ஆரம்பித்துவிடும். விலை அதன் முதுகில் ஏறிக்கொள்ளும். எனவே வாயை மூடிக்கொண்டார். அதை அவர் பெருந்தன்மை என்று நினைத்திருந்தார். வயிற்றுக்காகச் செய்கிற எல்லாவற்றுக்கும் மனிதர்கள் இப்படி ஒரு நல்ல பெயர் வைத்திருக்கிறார்கள்.

வீட்டில் மதியச் சாப்பாடு என்ற ஒன்றே கிடையாது. அவருடைய மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலை. விடிகாலை ஐந்தரைக்குக் கிளம்பினால் மாலை நாலரைக்குத்தான் திரும்புவாள், கையெல்லாம் சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்துப்போய். ராத்திரிக்கு ஒரு சூப்பும் ரொட்டியும் வைப்பாள். அதையும் புள்ளி சார் பிழை திருத்திவிட்டுத்தான் விழுங்குவார். மிளகு அதிகம், தண்ணீர் அதிகம், ரொட்டி ஓரம் கருகல். முப்பது வருடமாக அந்த அம்மாள் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. சலவைக் கூடத்தின் இயந்திரச் சத்தத்தில் பழகிய காது.

ஆனால் வாய் ஒரு நாள் எல்லை தாண்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை. மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, வந்திருந்தான். மூன்று வேலைக்குப் போய் மூன்றையும் விட்டவன். இப்போது சாப்பிடுவதையே வேலையாக வைத்துக்கொண்டிருந்தான். ஒரு குச்சியின் முனையில் போனை மாட்டி, ஊரான் கடைத் தட்டில் முகத்தைக் கவிழ்த்து, கண்ணை மூடி, "ம்ம்ம், மக்களே!" என்று முனகுவான். அந்த முனகலைப் பார்க்க எண்பதாயிரம் பேர் இருந்தார்கள். அந்த எண்பதாயிரம் பேருக்கும் வீட்டில் சோறு போட ஆள் இல்லையா என்பது புள்ளி சாரின் சந்தேகம்.

"மாமா, அடுத்த பத்து வீடியோவும் மலிவுச் சாப்பாடு மட்டும்தான். உங்க ஏரியாவுல ஒரு இடம் சொல்லுங்களேன்."

"எங்க ஏரியாவுல யாரும் சாப்பிடறதில்ல."

"சும்மா சொல்லுங்க மாமா. பேரைச் சொல்லி நன்றி போடறேன்."

"என் பேரை நீ எழுத்துப் பிழை இல்லாம எழுதிடுவியா?"

பேச்சு அத்தோடு முடிந்திருக்கும். அந்த நேரம் பார்த்து மனைவி சூப்பைக் கொண்டுவந்து வைத்தாள். புள்ளி சார் ஒரு கரண்டி வாயில் வைத்தார். இருபத்தேழு வருடப் பழக்கம், நாக்கு தானாகப் புரண்டது.

"இது சூப்பா? இரும்புக் கடைச் சந்துல ஒரு பொம்பளை வைக்கறா பாரு, அது சூப்பு. பலகையில எழுதத்தான் தெரியாது, பானையில தெரியும்."

கரண்டி பாதியில் நின்றது. சொன்னவருக்கே விஷயம் உறைத்தது. மச்சினன் நிமிர்ந்தான்.

"எந்த இரும்புக் கடை மாமா?"

"எந்த இரும்புக் கடையும் இல்ல. சூப்பைக் குடி."

மனைவிக்கு முப்பது வருடத்தில் கிடைத்த முதல் வாய்ப்பு. விடுவாளா? "கால்வாய்ப் பக்கம் பூட்டிக் கிடக்கே, அதாண்டா தம்பி. பின்சந்து. உங்க மாமா தினம் அங்கதான் கொட்டிக்கறார். என் சமையலைத் திட்டறதுக்கு மட்டும்தான் வீட்டுக்கு வர்றார்."

புதன்கிழமை வீடியோ வந்தது. மச்சினன் சந்துமுனையில் நின்று, "மக்களே, இந்த போர்டைப் பாருங்க!" என்று பலகையைக் காட்டியிருந்தான். "சாப்படு! எவ்வளவு இன்னசென்ட்டா இருக்கு! உள்ளே வறுத்த மின் இருக்கு, ஷாக் அடிக்குமான்னு பார்ப்போம் வாங்க!"

வியாழக்கிழமை பெஞ்சில் இடமில்லை. புள்ளி சாரின் மூலையில் ஒரு பெண் தன் தோழியைச் "சுப்பு எங்கடி?" என்று கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான்கு பேர் பலகையின் கீழே நின்று, கழுத்தைச் சாய்த்து, இரண்டு விரலைத் தூக்கிக்காட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருவன் சூப்பு ஆறும்வரை அதை எட்டுத் திசையிலிருந்தும் படம் எடுத்துவிட்டு, சூடாக இல்லை என்று குறை சொன்னான். சாப்பிட வந்தவனைப் பசி காட்டிக்கொடுக்கும். இவர்கள் யாருக்கும் பசி இல்லை. ஆஸ்பத்திரிப் பெண்கள் இருவர் சந்துமுனையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனதைப் புள்ளி சார் பார்த்தார். அவர்களுக்கு இருந்தது அரைமணி நேர இடைவேளை. புள்ளி சார் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்றபடி விழுங்கிவிட்டு வந்தார்.

இரண்டு வாரம் இப்படிப் போயிற்று. ஒரு நாள் காலை அக்கா அச்சகத்துக்கே வந்துவிட்டாள். கையில் ஒரு நோட்டுத் தாள். முதலாளி அவளைப் புள்ளி சாரின் மேஜைக்குக் கைகாட்டி விட்டார். அவள் சிவப்புப் பேனாவைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"சார், நீங்க பிரஸ்ஸுல இருக்கீங்கன்னு தெரியும். எழுத்து திருத்தறவர்னு தெரியாதே."

"தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?"

"பதினொரு வருஷமா அந்த போர்டைப் பார்த்துக்கிட்டே சாப்பிட்டீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? உப்பு குறைவுன்னு தினம் சொல்லத் தெரிஞ்சுதே." அவள் குரல் உயரவில்லை. அதுதான் அவருக்கு என்னவோ போல் இருந்தது. "அந்தப் பொண்ணுங்க போர்டு முன்னாடி நின்னு சிரிக்கறப்போ, என் கடை மேல ஆசையாச் சிரிக்கறாங்கன்னு நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன் சார். நேத்துதான் ஒருத்தன் விளக்கிச் சொன்னான்."

புள்ளி சார் மேஜையிலிருந்த தாள்களை ஒழுங்காக அடுக்கினார். ஏற்கெனவே ஒழுங்காகத்தான் இருந்தன.

"நல்ல அட்டையா அடிச்சுக் குடுங்க. போர்டும் மாத்திடறேன். எல்லாத்தையும் சரி பண்ணுங்க சார். இனிமே ஒருத்தன் சிரிக்கக் கூடாது."

அவள் போன பிறகு அவர் வெகுநேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரி செய்தால் விலை ஏறும். அது அவருடைய தராசு சொல்வது. சரி செய்யாமல் விட்டால், அது அவருடைய தொழில் அல்ல. இரண்டுக்கும் நடுவில், மதியம் பன்னிரண்டரை மணிக்குத் தன் மூலையில் உட்கார்ந்து சூப்பு குடிக்க வேண்டும் என்ற ஒரே ஆசையோடு ஒரு மனிதன். கடைசியில் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. தன்னைப் பற்றி உயர்ந்த எண்ணம் வைத்திருக்கிறவர்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை.

சரியாக எழுதுவோம். இந்தப் போன்குச்சிக் கூட்டத்துக்கு ஓர் எழுத்துக்கூடப் புரியாத அளவுக்குச் சரியாக எழுதுவோம்.

சோறு, "அடிசில்" ஆயிற்று. கீரை, "அவித்த அடகு" ஆயிற்று. மீன், "நெய்யில் வறுத்த கயல்". சூப்பு, "வடிசாறு". ரொட்டி, "வெதுப்பி". காபி, "குளம்பி". பிஸ்கட், "ஈரட்டி". ஒற்று ஒன்று தப்பவில்லை, புள்ளி ஒன்று விடுபடவில்லை. இதைப் படித்துவிட்டு எவன் உட்காருவான்? ஒரே வாரத்தில் சந்து காலியாகிவிடும். பழைய பன்னிரண்டு பேர் அட்டையையா படிக்கப் போகிறார்கள்? இதில் பிழை என்று சொல்ல ஏதாவது இருக்கிறதா? இல்லை. மனசாட்சிக்குப் பச்சை மையில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் புரூஃபை நீட்டினார்.

அக்கா விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"சார், அடகுன்னு போட்டிருக்கே?"

"கீரைக்குப் பழைய பேரு."

"எவ்வளவு பழசு?"

"ரெண்டாயிரம் வருஷம்."

"அப்ப வாடிப் போயிருக்குமே சார்."

"தூய தமிழும்மா. யாரும் சிரிக்க மாட்டாங்க."

"நீங்க சொன்னா சரிதான்" என்றாள் அவள். அந்த நம்பிக்கை அவர் முதுகில் அட்டைப் பூச்சி மாதிரி ஊர்ந்தது. தட்டிவிட்டார்.

யாரும் சிரிக்கவில்லை என்பது உண்மை. கையெடுத்துக் கும்பிட்டார்கள். "மக்களே!" என்று மச்சினன் மறுபடியும் சந்துமுனையில் நின்றான். இந்தத் தடவை குரலில் பக்தி. "ரெண்டாயிரம் வருஷத்து மெனு! நம்ம முன்னோர்கள் சாப்பிட்ட அதே அடகு!" போன வாரம் சாப்படு என்று படித்துச் சிரித்த அதே வாய்கள் இந்த வாரம் அடிசில் என்று உச்சரித்துக் கண் கலங்கின. கால்வாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்தெல்லாம் கார் போட்டுக்கொண்டு வந்தார்கள். கல்லூரி ஆசிரியர் ஒருவர் வடிசாறு குடித்துவிட்டு நான்கு பக்கம் எழுதினார். மூளை என்பது நாக்கு இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் போக்குவரத்து இல்லை.

இரும்புக் கடைக் கட்டடத்துச் சொந்தக்காரன் மட்டும் தமிழில் மனதைப் பறிகொடுக்கவில்லை. கூட்டத்தைப் பார்த்தான், வாடகையை ஏற்றினான். அக்கா விலையை இரண்டு மடங்காக்கினாள். வேறென்ன செய்வாள்? ஓர் ஓவியன் வந்து தகரப் பலகையில் ப-வுக்குப் பக்கத்தில் அழகாக ஒரு துணைக்கால் வரைந்து கொடுத்துவிட்டுப் போனான்.

பழைய பன்னிரண்டு பேர் அட்டையைப் படித்தார்கள். அங்கேதான் புள்ளி சாரின் கணக்கு தப்பியது. ஆம்புலன்ஸ் டிரைவர் ஒருவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏன்க்கா, அடகுக் கடை எப்ப ஆரம்பிச்சீங்க? என்கிட்ட வைக்கறதுக்கு ஒண்ணும் இல்லையே" என்றார். சிரித்தார், ஆனால் மறுநாள் வரவில்லை. பூட்டுக்காரர் எதைக் கேட்பது என்று தெரியாமல் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்துவிட்டார். பதினொரு வருடம் விரலை நீட்டி வாங்கிச் சாப்பிட்ட மனிதர்களுக்கு, எண்பது வெள்ளைச் சட்டைகளுக்கு நடுவில், "இது என்னன்னு சொல்லுங்க" என்று கேட்க நாக்கு எழவில்லை.

புள்ளி சாருக்குத் தெரியும், எல்லாமே தெரியும். ஒரு நாள் வரிசையில் நின்று, இடம் பிடித்து, தானே திருத்திய அட்டையைக் கையில் வாங்கினார். பழக்க தோஷத்தில் பிழை தேடினார். ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு வரிக்கும் எதிரே விலை நின்றது, கால் மேல் கால் போட்டுக்கொண்டு.

எழுந்துவிட்டார். அக்கா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

"உட்காருங்க சார். உங்களுக்குப் பழைய விலைதான்."

"எனக்கு யாரும் தர்மம் பண்ண வேண்டாம்."

"தர்மம் இல்ல சார்..."

"உப்பு குறைவு" என்றார் சாப்பிடாத சாப்பாட்டுக்கு, வெளியே நடந்தார்.

அடுத்த ஒரு மாதம் அந்த ஏழு தெருக்களில் புள்ளி சார் பிழை தேடி அலைந்தார். கிடைக்கவில்லை. கிடைக்காததற்குக் காரணம், அக்கா கடைக் கூட்டத்தைப் பார்த்த அத்தனை கடைக்காரர்களும் அச்சகத்தில் வரிசை கட்டி நின்றதுதான். "எங்களுக்கும் அந்த மாதிரி பழசா அடிச்சுக் குடுங்க." முதலாளி கையைத் தேய்த்துக்கொண்டார். உனவகத்துக்கு மூன்று சுழி ண வந்தது. அன்றே விலையும் வந்தது. பொறித்த கோழி பொரிந்தது. காலையில் அவர் எந்தக் கடையின் அட்டையைத் திருத்துகிறாரோ, மதியம் அந்தக் கடை அவர் கைக்கு எட்டாமல் போயிற்று. தன் வாயில் தானே மண் போட்டுக்கொள்ள ஒரு மனிதனுக்கு மாதச் சம்பளமும் கொடுத்தார்கள்.

கடைசியில் வீட்டிலிருந்து முந்தின ராத்திரி சூப்பைப் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு போனார். மேஜையில் வைத்துக் குடித்தார். ராத்திரியும் அதே சூப்பு, ஒன்றும் சொல்லவில்லை. மனைவிக்குத் திக்கென்றது. வெளுத்த கையை நீட்டி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஜுரம் இல்லையே?"

"மிளகு அதிகம்" என்றார், அவள் நிம்மதிக்காக.

கூட்டம் வந்தது போலவே போயிற்று. மேம்பாலத்தடியில் ஒருவன் மண்வெட்டியில் வைத்துச் சோறு பரிமாற ஆரம்பித்தான் என்று கேள்வி. போன்குச்சிகள் அங்கே போய்விட்டன. மச்சினன் அங்கேயும் கண்ணை மூடி முனகினான். ஆறு வாரத்தில் அக்காவின் சந்தில் ஈதான் பறந்தது.

அவள் வந்தாள். மீந்துபோன அட்டைகளைக் கட்டாகக் கட்டி அவர் மேஜையில் பொத்தென்று வைத்தாள்.

"பழைய ஆளுங்களை நானே போய்க் கூப்பிட்டேன் சார். ஒருத்தரும் வர மாட்டேங்கறாங்க. 'அது பெரிய எடம் ஆயிடுச்சுக்கா, எங்களுக்குச் சரிப்படாது'ங்கறாங்க. அந்தக் கூட்டிப் பெருக்கற பொண்ணு என்னைப் பார்த்து 'மேடம்'ங்கறா. எனக்கு அழுகையே வந்துடுச்சு." மூச்சு வாங்கினாள். "கட்டடக்காரன்கிட்ட பேசிட்டேன், ஆள் இல்லாத கடைக்கு எவன் தருவான்னு அவனும் கொஞ்சம் இறங்கிட்டான். இன்னும் ஒரு மாசம். அதுக்குள்ள அவங்க திரும்பலேன்னா பூட்டிட்டுப் போறதுதான். நீங்கதானே கெடுத்தீங்க? நீங்களே சரி பண்ணுங்க. பழையபடி தப்பாவே எழுதிக் குடுங்க."

"தப்பாவா? நானா?"

"வேற யாரு?"

"நீயே எழுதறதுதானேம்மா?"

"எனக்கு இப்ப சரியா எழுத வந்துடுச்சே! ஒன்றரை மாசமா உங்க அட்டையையே பார்த்துக்கிட்டிருந்தேன்ல. கை தப்ப மாட்டேங்குது."

புள்ளி சார் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். பேனா மூடியைக் கழற்றினார். மாட்டினார். கழற்றினார். பிறகு கண்ணை இடுக்கிக்கொண்டு எழுதினார். நாலு வரிக்குள் வேர்த்துவிட்டது. அவள் வாங்கிப் பார்த்தாள்.

"மிண்... கீறை... சாப்பாடூ." சிரித்துவிட்டாள். "என்ன சார் இது? இப்படியா தப்பு பண்ணுவாங்க?"

"தப்புதானே கேட்ட? தப்புதான் இது."

"இது படிச்சவங்க தப்பு சார். மூணு சுழியெல்லாம் போட்டுத் தப்பு பண்ண எனக்கு எங்க நேரம்? அடுப்புல பால் பொங்கும். ஒரு கையில கரண்டி. ஒரு கையில சாக்பீஸ். இழுத்து எழுத நேரம் இருக்காது, அவ்வளவுதான். நீங்க என்னடான்னா சாப்பாட்டை இன்னும் நீட்டி வெச்சிருக்கீங்க!"

அவர் பேனாவை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். கிரை, மின், சுப்பு, சாப்படு, சுடன பல். மனதுக்குள் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தார். எல்லாமே நெடில் குறுகியது. ஓர் இடத்தில்கூடக் குறில் நீளவில்லை. ஓர் ஒற்றுகூடப் புரளவில்லை. வறுத்த என்பதில் அந்த வல்லின றகூடச் சரியாகத்தான் இருந்தது. பதினொரு வருடம் எதிரே உட்கார்ந்து பார்த்தும், அது பிழையின் குப்பை என்றே நினைத்திருந்தார். அதற்குள் ஓர் இலக்கணம் இருந்திருக்கிறது. விலையைக்கூட அவள் இழுக்காமல் குறிலிலேயே வைத்திருந்திருக்கிறாள். ஊரில் உள்ளவனையெல்லாம் எழுத்தறியாதவன் என்று இளக்காரம் பேசியவருக்கு, வாசிக்கத் தெரியாமல் போனது இந்த ஒரு சுவர்.

"சொல்லு" என்றார். "நான் எழுதறேன்."

அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். கை இரண்டு தடவை பழக்கத்தில் கீ என்று இழுத்தது, அவள் "சார்!" என்று அதட்டினாள், அடித்துவிட்டு கி என்று போட்டார். சிவப்புப் பேனா அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சரியானதைத் தப்பாகத் திருத்தியது. முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, "பெரும்புள்ளிக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

மாலையில் ஒரு பழந்துணியில் மண்ணெண்ணெயை நனைத்துக்கொண்டு புள்ளி சாரே சந்துக்குப் போனார். ஸ்டூல் போட்டு ஏறினார். ஓவியன் அழகாக வளைத்து வைத்திருந்த துணைக்காலைத் தேய் தேய் என்று தேய்த்துச் சாப்பாட்டின் காலை வாரிவிட்டார். பெயின்ட் போன இடத்தில் தகரம் பளிச்சென்று தெரிந்தது. கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த அக்கா, "பார்த்து சார், நீங்க விழுந்து உங்க கால் போயிடப் போகுது" என்றாள்.

ஆஸ்பத்திரிப் பெண்கள்தான் முதலில் வந்தார்கள், அட்டை இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு. அப்புறம் பூட்டுக்காரர். மாதம் முடிவதற்குள் பெஞ்சில் பத்துப் பேர். விலை பழைய விலை இல்லை. பழைய விலைக்கு அடுத்த வீட்டுக்காரன் என்று சொல்லலாம். அந்த அளவுக்குத்தான் வாடகை இறங்கியிருந்தது. இரண்டு டிரைவர்கள் வரவே இல்லை. மண்வெட்டிச் சோறு பிடித்துப்போய்விட்டதாம். மனிதர்களைப் பற்றி அவர் வைத்திருந்த அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ள அவசியம் நேரவில்லை.

புள்ளி சார் தன் மூலையில் உட்கார்ந்து சூப்பு குடித்துக்கொண்டிருந்த ஒரு மதியம், ஆஸ்பத்திரிக்கு யாரையோ பார்க்க வந்த ஓர் ஆள் சந்துமுனையில் தயங்கி நின்றான். சட்டைக் காலர் நைந்திருந்தது. கையில் குச்சி இல்லை. உள்ளே வந்து, பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஏங்க, இங்க விலை எப்படி? போர்டைப் பார்த்தா எழுத்து தப்பா இருக்கே?"

பெஞ்சே நிமிர்ந்து புள்ளி சாரைப் பார்த்தது. அவர் தலையைத் தூக்கவில்லை.

"நான் பார்த்துட்டேன். சரியாத்தான் இருக்கு" என்றார். பிறகு கிண்ணத்தை வைத்துவிட்டு அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தார்: "உப்பு குறைவு."